ஒரே காற்றுக்குக் கீழே

2017-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் தங்கை தொட்டியத்திலிருந்து ஒரு மஞ்சள் பையுடன் வந்து சேர்ந்தாள். வழக்கமாக அவள் வந்தால் பையில் இரண்டு சீப்பு ரஸ்தாளியும், ஒரு கட்டு இலையும், வீட்டில் இட்ட அப்பளமும் இருக்கும். அன்றைக்குப் பை தட்டையாக இருந்தது. காப்பி குடித்து முடிக்கிற வரையில் அதை அவள் மடியிலிருந்து இறக்கவே இல்லை.

"அண்ணே, நிலத்தைக் கிரயம் பண்ணிக் கொடுத்துட்டேன்" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது? மாப்பிள்ளை காலமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரே பிள்ளை அமெரிக்காவில், ப்ளோரிடா மாகாணத்தில், டாம்பா என்கிற ஊரில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிறான். காவிரிப் படுகையில் இரண்டு ஏக்கர் வாழையை வைத்துக்கொண்டு, ஆளுக்கும் தண்ணீருக்கும் அவள் ஒருத்தி எத்தனை நாள் அல்லாடுவாள்? வீட்டுக்குப் பின்னால் இருந்த முப்பது சென்ட்டை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிட்டாள். பணம் பாங்கியில் இருந்தது. பாஸ் புத்தகம் பைக்குள் இருந்தது.

"பணத்தை என்ன செய்யறதுன்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன். தம்பி ஒரு யோசனை சொல்றான். நீங்க சரின்னா எனக்குச் சரி."

தம்பி என்பது அவள் பிள்ளை. அவன் எழுதியிருந்ததைக் கடையில் அச்செடுத்துக் கொண்டு வந்திருந்தாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். விஷயம் இதுதான். செப்டம்பர் 10-ஆம் தேதி 'இர்மா' என்ற பெரும் புயல் ப்ளோரிடாவில் கரையேறி, ஆரஞ்சுத் தோட்டங்களின் வழியாகவே வடக்கே போயிருந்தது. புயல் அடித்தால் ஆரஞ்சுக் கம்பெனிகளின் ஷேர்களை ஜனங்கள் பயந்து விற்பார்கள். ஆனால் பழம் குறைந்தால் பழத்தின் விலை ஏறும். பழத்தின் விலை ஏறினால் கம்பெனிக்கு லாபம். ஆகையால் மற்றவர்கள் பயப்படுகிற சமயத்தில் வாங்கிப் போடுகிறவனே கெட்டிக்காரன். வாழை விற்ற பணம் ஆரஞ்சில் போய்ச் சேர்ந்தால் அப்பாவுக்கும் திருப்தியாக இருக்கும் என்று கடைசியில் ஒரு வரி.

கணக்கு என்னவோ அழகாகத்தான் இருந்தது. கதை எழுதுகிறவனுக்கு இப்படி ஒன்றிலிருந்து ஒன்று பிறந்து வருகிற கணக்கு மிகவும் பிடிக்கும். பிடிக்கும் என்பதனாலேயே எனக்குப் பயமாக இருந்தது. அதோடு, தங்கை மறுபடியும் பைக்குள் கையை விட்டு ஒரு சின்னக் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"பீரோவை ஒழிக்கையிலே பழைய பஞ்சாங்கத்துக்குள்ளே இருந்துச்சு. இதுக்கு இப்போ ஏதாச்சும் வருமா அண்ணே?"

பச்சை மையில் அச்சான ஷேர் பத்திரங்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு மாங்கொத்து. பார்த்தவுடனே எனக்கு நெஞ்சை என்னவோ செய்தது. ஏனென்றால் அந்தப் பத்திரங்களை மாப்பிள்ளை தலையில் கட்டியவன் நான்தான்.

அது 1995-ஆம் வருஷத்துச் சமாசாரம். அப்போதெல்லாம் தினசரியைத் திறந்தால் ஒரு புதிய கம்பெனி ஷேர் வெளியிட்டுக்கொண்டிருக்கும். தேக்கு வளர்க்கிறோம் என்றார்கள். இறால் வளர்க்கிறோம் என்றார்கள். ரோஜாப் பூவை விமானத்தில் ஏற்றுகிறோம் என்றார்கள். அவற்றுள் ஒன்று மாம்பழக் கம்பெனி. பெயர் வேண்டாம். மாந்தோப்புகளும், பழத்தைக் கூழாக்கி டப்பியில் அடைத்து அரபு நாடுகளுக்கு அனுப்பும் தொழிற்சாலையும் சேர்ந்த ஏற்பாடு. என் நாவல் ஒன்றுக்குச் சன்மானம் வந்த சமயம். பத்தாயிரம் ரூபாய் கையில் இருந்தால் ஒரு எழுத்தாளன் தன்னைப் பெரிய முதலாளியாக நினைத்துக்கொள்வது சகஜம். நான் வாங்கினேன். அதோடு நின்றிருக்கலாம். தொட்டியத்துக்குப் போயிருந்தபோது, திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, முதலீடு என்கிற விஷயத்தைப் பற்றி மாப்பிள்ளைக்கு ஒரு பிரசங்கமும் செய்தேன்.

"நீங்கள் வெயிலில் நிற்கவும் வேண்டாம்; காற்றுக்குப் பயந்து ராத்திரி முழித்திருக்கவும் வேண்டாம். தோப்பு உங்களுடையது, கவலை கம்பெனியுடையது" என்று நான் சொன்னது இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. ஆழ்குழாய்க் கிணற்றுக்கும் மோட்டாருக்கும் சேர்த்து வைத்திருந்த இருபத்தையாயிரம் ரூபாயை அவர் எடுத்துக் கொடுத்தார். பத்து ரூபாய் முகமதிப்பில் 2,500 ஷேர்கள்.

கம்பெனி வெளியிட்ட புத்தகத்தில் ஆபத்துகள் என்று ஒரு பக்கம் இருந்தது. அந்தக் காலத்து வழக்கப்படி ஒவ்வோர் ஆபத்துக்கும் கீழேயே நிர்வாகத்தின் அபிப்பிராயமும் இருக்கும். இயற்கைச் சீற்றத்தால் மகசூல் பாதிக்கப்படலாம் என்பது ஆபத்து. நவீன முறைகளும் சொட்டு நீர்ப் பாசனமும் இருப்பதால் அந்தப் பாதிப்பு மிகக் குறைவாகவே இருக்கும் என்பது அபிப்பிராயம். நான் ஆபத்தைப் படிக்கவில்லை, அபிப்பிராயத்தைப் படித்தேன். சொட்டு நீர் வறட்சிக்குத்தான் மருந்து. மேகத்துக்கும் காற்றுக்கும் அது என்ன செய்யும் என்று ஒரு விநாடி யோசித்திருக்கலாம்.

மாமரம் தை மாசியில் பூக்கிற மரம். அந்தச் சமயத்தில் வானம் வெளுத்து, பனி விலகி, வெயில் காய வேண்டும். கம்பெனியின் இரண்டாவது வருஷத்தில் பூ நேரத்தில் மேகம் கவிந்துகொண்டது. தூறலும் மூடாப்புமாக வாரக்கணக்கில் இருந்தது. தத்துப்பூச்சி ஏறிப் பூவெல்லாம் கருகி உதிர்ந்தது. மூன்றாவது வருஷம் பூ நன்றாகப் பிடித்தது, காயும் திரண்டது. சித்திரையில் ஒரு சாயங்காலம் இடியும் சூறைக்காற்றுமாக அடித்ததில் பாதிக் காய் தரைக்கு வந்துவிட்டது. தொழிற்சாலைக்குப் பழம் இல்லை. பாங்கிக்கு வட்டி மட்டும் தவறாமல் உண்டு. தோப்புகள் பல என்று புத்தகத்தில் போட்டிருந்தார்கள். எல்லாத் தோப்பும் ஒரே தாலுகாவில் இருந்தன என்பதை நான் அப்புறந்தான் வரைபடத்தில் கண்டுபிடித்தேன். பத்து ரூபாய் ஷேர் ஒரு ரூபாய்க்கு வந்தது. பிறகு விலை சொல்வாரும் இல்லை, கேட்பாரும் இல்லை.

அந்தக் கோடையில் மாப்பிள்ளை வாடகைக்கு ஆயில் எஞ்சின் வைத்து வாழைக்குத் தண்ணீர் இறைத்தார். நான் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். "காத்து மேலே வழக்குப் போட முடியுமா மச்சான்? விடுங்க, சாப்பிடலாம் வாங்க" என்றார். அவ்வளவுதான். சாகிற வரையில் அந்தப் பேச்சை அவர் எடுத்ததில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

இப்போது தங்கை அதே திண்ணைப் பிரசங்கத்தை நம்பி மறுபடியும் என்னிடம் வந்து நிற்கிறாள். இந்தத் தடவை கேள்வி இருபத்தையாயிரம் அல்ல. அவளுடைய மிச்ச வாழ்நாள். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவது சுலபம். ஆனால் சூடுபட்ட பூனையின் அபிப்பிராயம் பாலைப் பற்றிய அபிப்பிராயம் ஆகாது. பையன் சொல்வதில் நியாயம் இருந்தால்?

அன்று ராத்திரி அவனைப் போனில் கூப்பிட்டேன். "ஷேர் விலையைப் பார்க்கிறது இருக்கட்டும். நீ அந்தத் தோட்டத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வா" என்றேன்.

"தோட்டத்தைப் பாத்து என்ன மாமா தெரியப் போகுது? கணக்கெல்லாம் கம்பெனி அறிக்கையிலேயே இருக்கு."

"உங்கப்பா வாழையைப் பார்க்காமல் என்றைக்காவது விலை பேசியிருக்கிறாரா?"

அவன் சிரித்தான், ஆனால் போனான். அடுத்த சனிக்கிழமை இரண்டு மணி நேரம் காரோட்டிக்கொண்டு தெற்கே போய், அங்கிருந்தே வீடியோவில் கூப்பிட்டான். எங்களுக்கு இரவு ஒன்பது மணி இருக்கும். நானும் தங்கையும் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் ப்ளோரிடாவைப் பார்த்தோம். நூல் பிடித்த மாதிரி வரிசை வரிசையாக மரங்கள். நம் ஊர்க் கண்ணுக்குக் குட்டையான மரங்கள்தாம். அடியில் பழம் கம்பளம் விரித்தாற்போலக் கிடந்தது. ஆரஞ்சு நிறமே இல்லை. செப்டம்பரில் காய் பச்சையாகத்தான் இருக்குமாம். பச்சையாகவே விழுந்து, ஐந்து வாரத்தில் கறுத்து, அழுகிப் போயிருந்தது. வெள்ளத்தில் கிடந்த பழத்தை உணவுக்கு விற்கக்கூடாது என்பது அங்கே சட்டம் என்றான். சில இடங்களில் வாய்க்கால் ஓரம் இன்னும் சொதசொதவென்று இருந்தது.

தங்கை வெகு நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்: "தம்பி, அந்தக் கம்பெனிக்கு வேற எங்கெல்லாம் தோட்டம் இருக்கு?"

"நிறைய இருக்கும்மா. ஏழெட்டு ஜில்லாவிலே இருக்கு."

"அதெல்லாம் வேற வேற காத்தா, இல்லே எல்லாம் ஒரே காத்துக்குக் கீழேதானா?"

பையன் பதில் சொல்லவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள். "உங்க மாப்பிள்ளை பாதியைத் தையிலே நடுவாரு, பாதியை ஆவணியிலே நடுவாரு. எல்லா மரமும் ஒரே காத்துக்குத் தார் போட்டு நிக்கக் கூடாதும்பாரு" என்றாள்.

வாழை நட்டவர்களுக்கு இது புரியும். தார் போடாத மரம் காற்றுக்கு ஆடும். தார் போட்ட மரம் ஒடியும். சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்தாலும் ஓரளவுக்குத்தான். கோடைக் காற்று என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் வருகிற அன்றைக்கு எத்தனை மரம் தாரோடு நிற்கும் என்பது நடுகிறவன் கையில் இருக்கிறது. 1995-இல் இருபத்தையாயிரம் ரூபாயை வாங்கிக்கொண்டு நான் யாருக்குப் பிரசங்கம் செய்தேன் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கிற்று.

அதன் பிறகு ஒரு வாரம் நான் நாவலை மூடி வைத்துவிட்டு ஆரஞ்சைப் பற்றிப் படித்தேன். படிக்கப் படிக்க, ப்ளோரிடாவின் ஆரஞ்சுக் கதையே காற்றுக்கும் குளிருக்கும் பயந்து ஓடின கதையாக இருந்தது.

1894-ஆம் வருஷம் டிசம்பர் கடைசியில் அங்கே ஒரு கடுங்குளிர் வந்தது. மரத்திலிருந்த பழமெல்லாம் உறைந்து போயிற்று, மரம் பிழைத்தது. ஜனவரியில் வெயில் காய்ந்ததும் மரங்கள் பிழைத்த சந்தோஷத்தில் துளிர்விட்டன. பட்டைக்கு அடியில் சாறு ஏறிற்று. 1895 பிப்ரவரியில் இரண்டாவது குளிர் வந்தபோது அந்தச் சாறு உறைந்து, பட்டை வெடித்து, மரங்கள் அடியோடு செத்தன. வருஷத்துக்கு ஐம்பது லட்சம் பெட்டி விளைந்த மாகாணத்தில் அடுத்த பருவத்தில் இரண்டு லட்சம் பெட்டிகூட இல்லை. பழைய நிலைமைக்குத் திரும்ப ஏறக்குறையப் பதினைந்து வருஷம் ஆயிற்று. மிஞ்சியவர்கள் தெற்கே, குளிர் எட்டாத இடம் தேடிப் போனார்கள். 1983, 1985, 1989-ஆம் வருஷங்களில் மறுபடியும் குளிர் துரத்த, இன்னும் தெற்கே போனார்கள். உறைபனி இரவுகளில் மரத்தின்மேல் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருக்கிற வித்தையையும் கற்றுக்கொண்டார்கள்; தண்ணீர் பனிக்கட்டியாகும்போது வெளிவிடுகிற சூடு மரத்தைக் காப்பாற்றுமாம்.

ஆனால் தெற்கே போகப் போக என்ன ஆயிற்று? குளிரிலிருந்து தப்பி, கடற்புயலின் பாதைக்கு வந்து சேர்ந்தார்கள். இர்மா கரையேறியது அந்தத் தென்மேற்குக் கரையில்தான். ஓர் ஆபத்துக்குப் பயந்து இடம் மாறுகிறவன் இன்னோர் ஆபத்தின் வீட்டு வாசலில் போய்க் குடியேறுகிறான். அந்த வாசல் வேறு வேறாகவாவது இருக்கிறதா, எல்லாரும் ஒரே வாசலில் நிற்கிறார்களா என்பதுதான் கேள்வி.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டு போனபோது, தங்கை இரண்டாவது கேள்வியைக் கேட்டாள். "ஒடிஞ்ச மரம் மறுபடி காய்க்க எத்தனை வருஷம் ஆகும் அண்ணே?"

வாழை சாய்ந்தால் பக்கத்திலேயே கன்று நிற்கிறது. பத்துப் பன்னிரண்டு மாதத்தில் மறுதாம்பு தார் போட்டுவிடும். ஆரஞ்சு அப்படியல்ல. புதிதாக நட்டால் மூன்று நாலு வருஷத்துக்குப் பிறகு காய்க்கத் தொடங்கும். செலவுக்குக் கட்டுப்படியாகிற மாதிரி காய்க்க இன்னும் சில வருஷம். வேர் தண்ணீரில் நின்று மூச்சுத் திணறிய மரம் சாகாவிட்டாலும் அடுத்த வருஷமும் சோர்ந்தே நிற்கும். ஆகவே ஒரு புயலின் நஷ்டம் அந்த வருஷத்துக் கணக்கோடு முடிவதில்லை. போதாக்குறைக்கு, 2004, 2005-ஆம் வருஷத்துப் புயல்கள் சொறி நோயைக் காற்றிலும் மழையிலும் ஊரெல்லாம் கொண்டுபோய்ப் பரப்பின. அந்த 2005-இலேயே இன்னொரு நோயும் அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. சின்னஞ்சிறு பூச்சி ஒன்று பரப்புகிற நோய். வந்த மரத்தில் பழம் பழுக்காமல் பச்சையாகவே கோணலாக நின்று, சின்னக் காற்றுக்கும் உதிர்ந்துவிடும். இன்றுவரை அதற்குத் தீர்ந்த மருந்து இல்லை. 1997-98-இல் 24 கோடியே 40 லட்சம் பெட்டி ஆரஞ்சு விளைந்த மாகாணத்தில், இர்மாவுக்கு முந்தின பருவத்தில் ஏழு கோடிப் பெட்டிக்குச் சற்றுக் குறைவாகத்தான் விளைந்தது. பெட்டி ஒன்று ஏறக்குறைய 41 கிலோ. அதாவது புயல் அடித்தது திடகாத்திரமான ஆள்மேல் அல்ல. ஏற்கனவே காய்ச்சலில் கிடந்தவன்மேல்.

மூன்றாவது கேள்வி இது: "அது வரைக்கும் அவங்க எதை வச்சுச் சாப்பிடுவாங்க? கடன் இருக்கா?"

இன்ஷூரன்ஸ் கொஞ்சம் வரும். சர்க்கார் உதவி வரும். ஆனால் எல்லாம் வந்து சேரக் காலம் ஆகும். அதுவரையில் மரத்துக்கு உரம் போட வேண்டும், மருந்து அடிக்க வேண்டும், வட்டி கட்ட வேண்டும். வாழைப்பழ வியாபாரத்தில் உலகத்துக்கே பெரிய கம்பெனியாக ஒரு காலத்தில் இருந்தது யுனைடெட் ப்ரூட். 1899-இல் தொடங்கியது. காற்றுக்கும் நோய்க்கும் பயந்து, க்வாட்டமாலா, ஹோண்டுராஸ், கோஸ்டா ரிகா, பனாமா, கொலம்பியா என்று பல நாடுகளில் தோட்டம் போட்டு வைத்தார்கள். ஒரு நாட்டில் வாழை சாய்ந்தால் இன்னொரு நாட்டிலிருந்து கப்பல் கிளம்ப வேண்டும் என்பது ஏற்பாடு. என் தங்கையின் முதல் கேள்விக்கு அது சரியான பதில். 1998 அக்டோபர் கடைசியில் 'மிட்ச்' என்ற புயல் ஹோண்டுராஸ் தோட்டங்களைப் பாழாக்கியபோதும் மற்ற நாடுகள் இருந்தன. ஆனால் அதன் வாரிசான சிக்கிட்டா கம்பெனி 2001-இல் நீதிமன்றத்தின் பாதுகாப்பைத் தேடிப் போக நேர்ந்தது. ஐரோப்பாவின் இறக்குமதிக் கட்டுப்பாடு ஒரு காரணம். புயல் ஒரு காரணம். எல்லாவற்றுக்கும் மேலே கடன். காற்றுக்குத் தப்பலாம், கடனோடு சேர்ந்து வருகிற காற்றுக்குத் தப்புவது கஷ்டம் என்று அந்த மூன்றாவது கேள்வி சொல்கிறது.

பையனுடைய கணக்கில் ஓட்டை எங்கே இருந்தது என்பதும் இதற்குள் தெரிந்துவிட்டது. பழம் குறைந்தால் விலை ஏறும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஏற்றம் பழம் வைத்திருக்கிறவனுக்கு. பழம் போனவனுக்கு அல்ல. ப்ளோரிடாவில் பழம் விழுந்தால் பிரேசில் தேசத்தில் ஸாவோ பாவ்லோ பக்கத்திலிருந்து சாறு கப்பலில் வந்துவிடும். ஒருவன் தோட்டத்தில் அடித்த காற்று இன்னொருவன் தோட்டத்தில் லாபமாக விளைகிறது. அவன் எழுதியதில் 'பழம்' என்ற ஒரே வார்த்தை இரண்டு இடத்தில் வந்தது. இரண்டும் ஒரே மரத்துப் பழம் அல்ல என்பதை அவனும் கவனிக்கவில்லை, முதல் வாசிப்பில் நானும் கவனிக்கவில்லை.

அதற்காக ஷேர் என்பதே மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு ஏக்கர்க்காரன் தலையில் ஒரு காற்று முழுதாக இறங்குகிறது. கம்பெனியில் அதே காற்றைச் சில்லறையாக்கி ஆயிரம் பேருக்குப் பங்கு போடுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டு ஏக்கர்க்காரன் ராத்திரி எழுந்து வானத்தைப் பார்க்கிறான். நம்மைப் போன்றவர்கள் கையில் வருவது காகிதம். காகிதத்தில் மேகம் தெரிவதில்லை. கவலை கம்பெனியுடையது என்று நான் மாப்பிள்ளையிடம் சொன்னேனே, அது தப்பு. கவலையைத்தான் கம்பெனி எடுத்துக்கொண்டது. நஷ்டம் அவருடையதாகவே இருந்தது.

கடைசியில் முடிவு செய்தது தங்கைதான். பெரும் பகுதியைப் பாங்கியிலும் தபாலாபீஸிலும் போட்டாள். பிள்ளையின் மனம் நோகாமல் பத்தில் ஒரு பங்கை அவனிடம் கொடுத்து, "ஒரே கம்பெனியிலே போடாதே, ஒரே ஊரிலேயும் போடாதே. இது போனாலும் நான் உன்னைக் கேக்க மாட்டேன்" என்றாள். அவள் புருஷன் பேசின மாதிரியே இருந்தது. அவனும் ஆரஞ்சை விட்டுவிட்டு, பல தொழில்களின் ஷேர்களைக் கலந்து வைத்திருக்கும் ஒரு நிதியில் அதைப் போட்டான்.

இர்மாவுக்குப் பிந்தின பருவத்தில் ப்ளோரிடாவின் விளைச்சல் நாலரைக் கோடிப் பெட்டிக்கு இறங்கிற்று. ஒரு வருஷம் கொஞ்சம் எழுந்தது, மறுபடி சரிந்தது. 2022 செப்டம்பரில் 'இயன்' புயல் அதே தென்மேற்குக் கரையில் ஏறிற்று. நவம்பரில் இன்னொரு புயல், டிசம்பரில் உறைபனி. அந்தப் பருவத்தில் ஒரு கோடியே அறுபது லட்சம் பெட்டிகூட இல்லை. 2024 அக்டோபரில் 'மில்டன்' வந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பையனுடைய கணக்கு முடிவில் பலித்தது. பிரேசிலிலும் வறட்சியும் அதே நோயும் சேர்ந்துகொள்ள, 2024 கடைசியில் உறைய வைத்த ஆரஞ்சுச் சாற்றின் விலை நியூயார்க் சந்தையில் ராத்தல் ஐந்து டாலரைத் தாண்டிற்று. அதற்கு முன் எந்தக் காலத்திலும் இல்லாத விலை. விலை வந்தபோது ப்ளோரிடாக்காரனிடம் பழம் இல்லை. 2025 ஜனவரி 6-ஆம் தேதி, அந்த மாகாணத்தின் பெரிய ஆரஞ்சுக் கம்பெனிகளில் ஒன்றான அலிகோ, அந்தப் பருவத்தோடு ஆரஞ்சுத் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. பத்து வருஷத்தில் தன் விளைச்சல் சுமார் 73 சதவிகிதம் குறைந்துவிட்டதாகச் சொல்லிற்று. அதனிடம் ஐம்பதாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் இருந்தது. அதில் கால் பங்கு வீடுகளும் கட்டடங்களும் கட்டத் தகுந்தது என்று கணக்கிட்டிருந்தார்கள். பழத்தை நம்பி ஷேர் வாங்கியவனுக்கு மிஞ்சிய பலம் மரத்தில் இல்லை. மரத்துக்கு அடியில் இருந்த மண்ணில் இருந்தது.

இந்தச் சமாசாரத்தைப் பையன் எனக்கு அனுப்பினான். நான் தங்கைக்குப் போனில் படித்துக் காட்டினேன். ஜெயித்தோம் என்று அவள் சொல்லவில்லை. "அத்தனை மரத்தையும் என்ன பண்ணுவாங்க அண்ணே? வெட்டிடுவாங்களா?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்தப் பச்சைப் பத்திரங்கள் என்னிடந்தான் இருக்கின்றன. எதற்கும் உதவாது என்று சொல்லி அவளிடமிருந்து வாங்கிக்கொண்டேன். அவற்றுக்குப் பதிலாக இருபத்தையாயிரம் ரூபாயை ஒரு கவரில் வைத்து நீட்டினேன், அவள் கோபித்துக்கொண்டாள். நான் பிடிவாதம் பிடித்தேன். அந்தப் பணத்தில் வீட்டுக்குப் பின்னால் முப்பது சென்ட்டுக்கு ஒரு சின்ன மோட்டார் வைத்துக்கொண்டாள். அங்கே இன்னமும் பாதியைத் தையிலும் பாதியை ஆவணியிலும் நடுகிறாள்.

போன வைகாசியில் தொட்டியத்துப் பக்கம் சூறைக்காற்று என்று கேள்விப்பட்டு விடியற்காலையிலேயே கூப்பிட்டேன்.

"நாப்பது மரம் சாஞ்சிருச்சு அண்ணே, தாரோட" என்றாள்.

"மற்றது?"

"மத்தது ஆவணி நடவு. இன்னும் தார் போடலே, அப்படியே நிக்குது. நீங்க எப்போ வர்றீங்க? முத்தின தார் நாலஞ்சு தேறும், பழுக்கப் போட்டு வைக்கிறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வந்தேன்.